நிழல் விழாத வடை

தொட்டுப் பாருங்கள், அண்ணாச்சி. தயங்க வேண்டாம். மூன்று மாதமாக இவை எரியவில்லை. எரிந்த நாட்களில் தொட யாரும் துணிந்ததும் இல்லை. ஒவ்வொன்றும் ஆயிரம் வாட் ஹாலஜன். கால்களைக் கவனியுங்கள், கெட்டி இரும்பு. மொத்தம் நான்கு. திசைக்கு ஒன்று.

என் மருமகள் விற்கச் சொல்லித்தான் விற்கிறேன் என்று தெருமுனையில் யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். இது முழுக்க முழுக்க என் முடிவு. அவள் செய்ததெல்லாம் விளம்பரம் எழுதியது, இவற்றைப் படம் எடுத்துப் போட்டது, உங்களுக்குப் போன் பேசி வரச் சொன்னது. அவ்வளவுதான்.

உட்காருங்கள். அம்பாசமுத்திரத்தில் பாத்திரக்கடை என்றீர்கள். எவர்சில்வர் குடம், தூக்குச்சட்டி, இட்லிக் கொப்பரை, இவற்றையெல்லாம் படம் எடுத்துப் போனில் போட்டு விற்கப் போகிறீர்கள். நல்ல முயற்சி, வளர்க. ஆனால் விளக்கு வாங்குவதற்கு முன் விளக்கைப் பற்றிய அறிவு வேண்டாமா? விலையைப் பிறகு பேசுவோம். முதலில் ஒரு கதை கேளுங்கள்.

ஓர் ஊரில் ஒரு தாய். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். இருவரையும் இருபுறமும் உட்கார வைத்து நடுவில் அமர்ந்து பாயசம் வார்ப்பாள். ஆனால் அகப்பையை எப்போதும் வலப்பக்கமே நீட்டுவாள். வலப்பக்கத்துப் பிள்ளை கொழுத்தான். இடப்பக்கத்துப் பிள்ளை இளைத்தான், இளைத்தான், இளைத்து நிழலாகவே போய்விட்டான். கதை முடிந்தது. இதன் பொருள் என்ன? ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் அடிப்பது ஓரவஞ்சனை. நிழல் என்பது வஞ்சிக்கப்பட்ட பிள்ளை. புரிகிறதல்லவா? என் மருமகளுக்குப் புரியவில்லை.

நான் மேடையில் பேசுவதைப் போலப் பேசுகிறேன் என்று நினைக்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. முப்பத்து நான்கு ஆண்டுகளாகப் பாளையங்கோட்டையில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்துகிறேன். சிவசைலம் சைவச் சமையல் என்று கேட்டால் சந்திப் பிள்ளையார் முக்கு வரை வழி சொல்வார்கள். ஒவ்வொரு பந்திக்கு முன்னும் பரிமாறும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஐந்து நிமிடம் நல்லுரை சொல்வேன். சில நாள் பத்து. ஒரு முறை இருபத்தைந்து. அன்று பெண்வீட்டார் இலை முன் உட்கார்ந்தபடியே முழுவதையும் கேட்டார்கள். சாப்பாட்டைவிட அறம் முக்கியம் அல்லவா?

சென்ற ஐப்பசியில் வந்தது வினை. நம் ஊரில் இருந்த இரண்டு பழைய கல்யாண மண்டபங்களையும் முத்துவேல் அண்ணாச்சி என்பவர் வாங்கிப் பூட்டிவிட்டு, புறவழிச்சாலையில் அருவி மகால் என்று ஒன்றைக் கட்டினார். குளிர்சாதனம், தானியங்கிக் கதவு, எல்லாம் உண்டு. கூடவே ஒரு சட்டம். அந்த மகாலில் யார் வேண்டுமானாலும் சமைத்துவிட முடியாது. நான்கே நான்கு சமையல்காரர்கள். அவர்கள் பெயர்தான் பட்டியலில் இருக்கும். கல்யாண வீட்டார் அந்த நால்வரில் ஒருவரைத்தான் எடுக்க வேண்டும். பட்டியலில் சேர விரும்புவோர் முதலில் ஓர் ஆல்பம் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு படங்கள். படம் பிடித்திருந்தால்தான் ருசி பார்க்கவே கூப்பிடுவார்களாம்.

யோசித்துப் பாருங்கள். தை பிறந்தால் முகூர்த்தம் வரிசை கட்டி நிற்கும். பட்டியலில் இல்லையென்றால் எனக்கு அந்தத் தையும் இல்லை, மாசியும் இல்லை, இனி எந்த முகூர்த்தமும் இல்லை. என்னை நம்பி இருபத்தாறு பேர். முப்பத்து நான்கு ஆண்டு மணத்தை ஓர் ஆல்பத்தில் முகர்ந்து பார்ப்பார்களாம்!

என் மகன் நயினார் சொன்னான்: "அப்பா, வடிவு எதுக்கு இருக்கா? சென்னையில ஆறு வருசம் அவ இந்த வேலைதான பாத்தா. அவ எடுக்கட்டும்."

வடிவு என்பதுதான் மருமகள். நல்ல பெண். சாப்பாட்டுக் கம்பெனிகளுக்குப் படம் எடுத்தவள். கல்யாணமாகி வந்து ஓராண்டு ஆகியிருந்தது. பின்கட்டில் மளிகைச் சாமான் வைக்கும் அறையைக் காலி செய்து கொடுத்தேன். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். வாங்க வேண்டிய பொருள்களாம். வெளிச்சத்தை மெதுவாக்கும் வெள்ளைத் துணிக்கூடு மாட்டிய எல்.இ.டி. விளக்கு ஒன்று. வெள்ளைத் தெர்மாகோல் ஒன்று. கறுப்பு அட்டை ஒன்று.

ஒன்று, ஒன்று, ஒன்று! இருபத்தாறு பேர் வாழ்வு ஒரே ஒரு விளக்கிலா? கறுப்பு அட்டை எதற்கம்மா என்றேன். "வெளிச்சத்தைக் கொஞ்சம் தின்னுறதுக்கு மாமா" என்றாள். காசு கொடுத்து இருட்டை வாங்கும் வீட்டை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா?

நானே மதுரைக்குப் போனேன். கல்யாண வீடியோக்காரர்களுக்கு விளக்கு விற்கும் கடை. கடைக்காரன் நேர்மையற்றவன்; வியாபாரத்தையே கெடுக்கப் பார்த்தான். "சாப்பாட்டுக்குன்னா ஒண்ணு போதும் சார். இந்த ஹாலஜனெல்லாம் இப்ப யாரும் வாங்கறதில்ல, சூட்டுல மாலையே வாடிப்போகும்" என்றான். அவனுக்கும் தாய் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். முடித்ததும், "நாலு போட்டுரவா சார்?" என்றான். உண்மை யாரையும் திருத்திவிடும், அண்ணாச்சி.

வீட்டுக்கு வந்து அறையின் நான்கு மூலையிலும் நிறுத்தி, நான்கையும் போட்டேன். கூடவே இரண்டு டியூப்லைட். ஆகா! அறையில் ஒரு பொட்டு நிழல் இல்லை. வடிவு வாசலில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"மாமா, எதுக்கு இத்தனை வாங்கிட்டு வந்திருக்கிய?"

"நிழலே இருக்கக் கூடாதம்மா. நம் சமையலில் மறைக்க ஒன்றுமில்லை."

"நிழல் இல்லேன்னா வடையில ஓட்டை தெரியாது மாமா."

இதைக் கேட்டீர்களா? ஓட்டையைக் காட்டுவதற்காக விளக்கு! நிறையைக் காட்டுவதற்காக அல்ல! இந்தத் தலைமுறையின் நோய் இதுதான். எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவார்கள்.

அவள் வாதாடவில்லை, அதுதான் அவளிடம் உள்ள குறை. மறுநாள் காலை மூன்று விளக்குகளை அணைத்து மூலையில் திருப்பி வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் இலைக்குப் பின்னால் நிறுத்தி, டியூப்லைட்டையும் அணைத்துவிட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். இலைக்குப் பின்னாலாம்! ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் முகத்தில் விளக்கைக் காட்டுவோமா, முதுகுக்குப் பின்னால் பிடிப்போமா? நான் போய் எல்லாவற்றையும் போட்டேன். அவள் அணைத்தாள். எரிகிற விளக்கை அணைப்பது வீட்டுக்கு ஆகாது என்று மறுபடி போட்டேன். அதற்குள் இலை வாடிச் சுருண்டது. பாயசத்தில் ஆடை படர்ந்தது. கேசரியில் முத்து முத்தாக நெய் வியர்த்தது. அடைப்பிரதமனை மூன்று முறை சூடாக்கினோம். நான்காம் முறை அது அடையாக மட்டுமே இருந்தது.

இரண்டு நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் வடிவு கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றினாள்.

"மாமா, இந்த ரூம்ல ஒண்ணு நான் லைட் வைக்கணும், இல்ல நீங்க வைக்கணும். ரெண்டு பேரும் வச்சா கரண்ட் பில்தான் வரும்."

"அப்படியானால் நானே வைக்கிறேன்" என்றேன்.

"சரி மாமா." கேமராவில் ஏதோ ஒரு சக்கரத்தைத் திருப்பி என் கையில் கொடுத்தாள். "இதை அமுக்குனா போதும்." கோபித்தாளா? இல்லை. சிரித்தாளா? அதுவும் இல்லை. என் சொல்லின் நியாயம் அவளை அடக்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். நயினார் மட்டும், "அப்பா, கொஞ்சம் யோசிங்க" என்றான். யோசிப்பது என் வேலையல்ல; யோசிக்க வைப்பதே என் வேலை.

பன்னிரண்டு படங்களையும் நானே எடுத்தேன். எப்படி எடுத்தேன் தெரியுமா? இலையின் முன் பணிவோடு நின்று, பரிமாறுகிறவன் நிற்கும் இடத்தில் நின்று எடுத்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் நின்ற இடம். அங்கிருந்து பார்த்தால்தான் இலை இலையாகத் தெரியும். அடுக்கிய உளுந்தவடை. தேங்காய்ப்பாலில் கொதித்த நம் திருநெல்வேலிச் சொதி, இஞ்சித் துவையலோடு. கடைசிப் படம் முழு இலை, இருபத்தொரு வகை. நான்கு விளக்கும் என் முதுகுக்குப் பின்னால் நின்று இலையின் முகத்தைப் பார்த்தன.

அருவி மகாலுக்கு ஆல்பத்தோடு நான் தனியாகத்தான் போனேன். முத்துவேல் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பேச்சியம்மாள். படம் பார்த்துத் தேர்வு செய்வது அந்த அம்மாள்தானாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினார்.

"இது என்னது, அப்பமா?"

"உளுந்தவடை, தாயே."

"ஓட்டையை எங்க?"

"இருக்கிறது. வெளிச்சத்தில் மறைந்திருக்கிறது."

முத்துவேல் அண்ணாச்சிக்கு இருமல் வந்தது. அந்த அம்மாள் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"மகாலுக்கு வெள்ளையடிச்சு முடிச்சாச்சே. இந்தச் சுண்ணாம்பு எதுக்கு?"

"அது சொதி."

"சொதியா! எய்யா, மாப்பிள்ளைக்கு இதையா ஊத்துவிய?"

வெளிச்சத்தின் தூய்மையைக் காண எல்லாக் கண்ணுக்கும் பழக்கம் இருக்காது என்று பொறுத்துக்கொண்டேன். கடைசிப் பக்கம் வந்தது. முழு இலை. பேச்சியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது யாருக்கு விரிச்ச இலை?"

"கல்யாண இலை, தாயே."

"நுனி வலப்பக்கம் கிடக்கு. கருமாதிக்குல்லா இப்படி விரிப்பாவ."

அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்கள். நான் இலை போடத் தெரியாதவனா? லட்சம் இலை விரித்த கை இது. சாப்பிடுகிறவருக்கு நுனி இடப்பக்கம். எதிரே நின்று பரிமாறுகிறவனுக்கு அது வலப்பக்கமாகத் தெரியும். இதைத்தான் நிதானமாக விளக்கினேன்.

"இலை சரியாகவே இருக்கிறது. சாப்பிடுகிறவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்."

"எந்தப் பக்கம்?"

"படத்துக்கு மேலே."

"அங்க யாரையும் காணலியே."

"இருப்பதாகக் கொள்ள வேண்டும்."

பேச்சியம்மாள் ஆல்பத்தை மூடினார். "கண்ணுக்குத் தெரியாதவரு உக்காந்து சாப்பிடுத இலையை, நாளைக்கு நாலு பொண்ணு மாப்பிள்ளை தாலி கட்டப்போற எடத்துக்குத் தூக்கிட்டு வந்திருக்கியளே. எடுத்துட்டுப் போங்க, போங்க. போறப்ப பின்வாசல் வழியா போங்க." அப்புறம் ஒரு பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, மேசையைத் தண்ணீர் தெளித்துத் துடைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் தரப்பு நியாயத்தோடுதான் சொன்னேன். "இருப்பதாகக் கொள்ள வேண்டும்" என்ற இடம் வந்தபோது நயினாருக்குத் திடீரென்று கொல்லையில் வேலை வந்துவிட்டது. அங்கிருந்து வெகுநேரம் ஒரு மாதிரி சத்தம் வந்தது. வடிவு மட்டும் என் எதிரே உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"படம் பாக்குதவங்க பரிமாற வந்தவங்களா மாமா, சாப்பிட வந்தவங்களா?"

இடக்கான கேள்வி. பதில் இருந்தது, ஆனால் பெரியவர்கள் எல்லாக் கேள்விக்கும் உடனே பதில் சொல்வது அழகல்ல. நான் மோர் குடிக்க எழுந்துவிட்டேன். பட்டியல் போயிற்று, தை போயிற்று. எங்கள் தலைமைப் பரிமாறுநர் ஆவுடையப்பன் மாலையில் வந்து வாசலில் நின்றார். "முதலாளி, நாங்க வேற எடம் பாக்கட்டுமா?" என்று கேட்டார். குரலில் மரியாதை இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

வடிவு அன்றே பேச்சியம்மாளுக்குப் போன் போட்டாள். என்ன பேசினாள் என்று தெரியாது. "பழக்கமில்லாதவங்க எடுத்தது அத்தை" என்பது மட்டும் காதில் விழுந்தது. யாரைச் சொன்னாளோ! இரண்டு நாள் தவணை கிடைத்தது.

அந்த இரண்டு நாளும் என்னை அறைக்குள் விடவில்லை. சன்னல் வழியாகத்தான் பார்த்தேன். நான் வாங்கிய நான்கில் மூன்றை வெளியே எடுத்து வைத்துவிட்டாள். ஒன்றைத் தூரத்தில் நிறுத்தி, இடையில் கொடி கட்டி, என் சலவை வேட்டியைத் தொங்கவிட்டாள். எட்டு முழம், அகலக் கரை, சபையில் பேசும் நாட்களில் மட்டும் நான் உடுத்துவது. வெளிச்சம் அதில் வடிந்து இலைக்குப் பின்னாலிருந்து சாய்வாக விழுந்தது. ஒரு பக்கம் தெர்மாகோல். மறுபக்கம் என் கறுப்புக் குடையை விரித்து வைத்தாள். வீட்டுக்குள் குடை! சன்னலைத் தட்டினேன். "நிழல் விழுது மாமா, தள்ளி நில்லுங்க" என்றாள். அவளுக்கு நிழல் வேண்டுமாம், என் நிழல் மட்டும் வேண்டாமாம்.

இரண்டாம் ஆல்பம் போன மறுநாளே ருசி பார்க்க அழைப்பு வந்தது. எனக்கு வியப்பில்லை. முதல் ஆல்பத்தின் கருத்து மெல்ல மெல்ல அவர்கள் மனத்தில் ஊறியிருக்கும்.

மகாலில் இன்னொரு சட்டம் வைத்திருந்தார்கள். சமைத்தவரே முதலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். "உக்காருங்க அண்ணாச்சி, இன்னைக்கு உங்களுக்கு நாங்க பரிமாறுதோம்" என்றார் பேச்சியம்மாள். முப்பத்து நான்கு ஆண்டில் என் சமையலை நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எல்லாரும் எழுந்த பிறகு சமையற்கட்டில் நின்றபடியே ஒரு தட்டு, அவ்வளவுதான். அன்று உட்கார்ந்தேன். எதிரே பெரிய சன்னல். காலை வெயில் இலைக்குப் பின்னாலிருந்து வந்தது. வடையின் ஓட்டைக்குள் ஒரு சின்ன இருட்டு இருந்தது. அந்த இருட்டினால் வடையின் விளிம்பு மொறுமொறுவென்று தெரிந்தது. சொதியின் மேல் ஒரு வெள்ளிக் கோடு ஓடியது. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் தனித்தனியே தெரிந்தன. இவ்வளவு அழகாகவா நான் சமைக்கிறேன்? கண்ணில் ஏதோ விழுந்தது போலிருந்தது.

பிறகு தெளிந்தேன். அந்தக் கட்டடத்தில் சன்னலைத் தவறான பக்கம் வைத்துவிட்டார்கள், அதனால்தான் கண்கூசியது.

பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது, அண்ணாச்சி! நான்கில் இரண்டாவது பெயர். இந்தத் தையில் மட்டும் பதினோரு முகூர்த்தம் எங்களுடையது. மகால் வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள்: சிவசைலம் சைவச் சமையல், தொடர்புக்கு வடிவு நயினார். அச்சடித்தவன் பிழை செய்திருக்கிறான். திருத்தச் சொல்லவில்லை, பெருந்தன்மை. பந்தி நடக்கும் கூடத்துக்கு நான் வர வேண்டாம் என்று பேச்சியம்மாள் கேட்டுக்கொண்டார். என் வயதுக்குத் தருகிற மரியாதை. சமையற்கட்டில் எனக்கென்று தனி நாற்காலி போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து பந்தி தெரியாது. சத்தம் கேட்கும்.

பந்திக்கு முந்திய நல்லுரையையும் இப்போது வடிவுதான் பார்க்கிறாள். பிள்ளைகளை நிறுத்தி, "இலைக்கு இந்தப் பக்கம் வந்து ஒரு தடவை உக்காந்து பாத்துட்டுப் போய்ப் பரிமாறுங்க" என்கிறாள். முடிந்தது. என்னுடைய ஐந்து நிமிடத்தை ஒரு வரியாகச் சுருக்கிவிட்டாள். கருத்து என்னுடையதுதான், பிறர் இடத்தில் நின்று பார் என்பதைத்தானே நான் வாழ்நாளெல்லாம் சொன்னேன்? ஆனால் கதை இல்லை, உவமை இல்லை, உப்பில்லாத உரை. பிள்ளைகள் என்னவோ சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள்.

இப்போது உங்கள் குடத்துக்கு வருவோம். நான்கு விளக்கையும் சுற்றி நிறுத்தி, நடுவில் குடத்தை வையுங்கள். என்ன? குடத்தின் வயிற்றில் நான்கு விளக்கும் தெரியுமா? தெரியட்டும். வாங்குபவர் எண்ணிக்கொள்ளட்டும். படம் எடுக்கும் நீங்களும் தெரிவீர்களா? அதனால் என்ன, நல்ல சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுந்துவிட்டீர்களே. ஒன்று மட்டும் போதுமா? ஒன்றே ஒன்றா? இரண்டு மணி நேரம் நான் யாரிடம் பேசினேன்? மன்னிக்க வேண்டும், தனித்தனியாகத் தர மாட்டேன். இது கொள்கை. நான்கும் சேர்ந்துதான். வேண்டாமா? இருங்கள், இருங்கள், செருப்பை மாட்டாதீர்கள். வடிவு! அம்மா வடிவு! இவர் ஒரே ஒரு விளக்கைக் கேட்கிறார்!

"அவங்க கேக்கதைக் குடுத்து அனுப்புங்க மாமா."

கேட்டீர்களா? எதுவாக இருந்தாலும் முடிவை என்னிடமே விட்டுவிடுகிறாள். அந்த முனையைப் பிடியுங்கள், அண்ணாச்சி, கனமாக இருக்கும்.